காயாத தரை

மாமியை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது ஒரு பழைய பல் பிரஷ்தான். நார்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன, பச்சைக் கைப்பிடி பிரஷ். ஊருக்கு மேற்கே, வயல்வெளி தொடங்கும் இடத்தில், பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரு மண்மேடு இருக்கிறது. அங்கே குழி வெட்டிப் பழங்காலத்துத் தடயம் தேடும் தொண்டர்களாகச் சனிக்கிழமைகளில் நாங்கள் கொஞ்சப் பேர் கூடுவோம். மாமி முக்காட்டை இறுக்கிக்கொண்டு குழியோரம் குந்தியிருந்து, கிடைக்கும் மண்பாண்டத் துண்டுகளை அந்தப் பிரஷால் குழந்தைக்குப் பல் விளக்குவதுபோல விளக்கி வைப்பார். யாராவது அவசரப்பட்டு ஒன்றைப் பிடுங்கிவிட்டால் விடமாட்டார். “கிடந்த எடத்தச் சொல்லிட்டு எடுங்க” என்பார். அப்போது அவர் எனக்கு மாமி ஆகவில்லை. அந்தக் குழியோரத்தில் வைத்துத்தான் என்னைத் தன் மகளுக்குப் பார்த்து வைத்தார். மாப்பிள்ளை தேட வேறு இடமே கிடைக்கவில்லையா என்று என் கூட்டாளிமார் இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார்கள்.

எங்களைக் கூட்டி நடத்தியவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘சேர்’. இந்த மண்ணில் எப்போதிருந்து இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆதங்கம். ஆனால் அந்த மேட்டைத் தாண்டி எவருடைய வீட்டு வளவிலும் மண்வெட்டி வைக்க அவர் ஒத்துக்கொண்டதில்லை. பழைய செங்கல் வெளிப்பட்ட காணிக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக் கல் வரும், பிறகு அது நம்முடையது இல்லை என்ற பயம் இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பயம் சரியா பிழையா என்று வழக்காட நான் வரவில்லை. பயம் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். மாமியின் கணவர் மவுத்தாகி அடக்கம் செய்து வெகுகாலம். தாய் வழியில் வந்த ஒரு வளவைத் தவிர அவருக்கு வேறு மண் இல்லை. அதில் மகளின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கிய நாள் நடுப்பகலில் என்னை உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனபோது மேசன்மாரைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தனியாக நின்றார். வெட்டிய வாய்க்காலின் நடுவே அகலமான பழஞ்செங்கற்கள் வட்டமாகத் தெரிந்தன. வட்டத்தை ஒரு கருங்கல் மூடியிருந்தது. கிணறு என்று இருவருக்கும் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. செங்கல் விளிம்பில் கயிறு ஓடி ஓடித் தேய்ந்த பள்ளங்கள் வரிசையாக இருந்தன. மாமி அவற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

இரும்பு அலவாங்கால் கல்லை நெம்பிக் கொஞ்சம் நகர்த்தினேன். உள்ளேயிருந்து வந்த குளிர் அந்த வெயிலிலும் முகத்தில் அடித்தது. ஒரு செங்கல் துண்டைப் போட்டேன். விழுந்த சத்தமே கேட்கவில்லை. தூர்ந்துபோய்விட்டது என்று நினைத்துக் கல்லைத் தள்ளப் போனபோதுதான் அது கேட்டது. என் செங்கல் விழுந்த சத்தம் இல்லை. நிறைந்த குடம் ஒன்று சுவரில் இடித்து இடித்து மேலே வருகிற சத்தம். வந்துகொண்டே இருந்தது, ஆனால் விளிம்புக்கு எதுவும் வரவில்லை. நான் விளிம்பைவிட்டுப் பின்வாங்கினேன். மாமி பயப்படவில்லை. அடுத்த வீட்டாரைப் பற்றிச் சொல்வதுபோல, “ஆரோ தண்ணி அள்ளுறாங்க” என்றார்.

சேரிடம் சொல்ல ஓடுவார் என்றுதான் நினைத்தேன். எங்கள் எல்லாரிலும் நேர்த்தியாக வேலை செய்தவர் அவர்தானே. அவரோ கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது வெளிய வந்தா என்ட புள்ளைக்கு ஊடு இல்ல. நீங்களும் இல்ல, மருமகன்.”

மருமகன் என்று அவர் என்னை முதன்முதல் கூப்பிட்டது அப்போதுதான். கல்லைத் திரும்ப இழுத்து மூடினோம். பழைய மலசலகூடக் குழி, மேலே மண் போட்டு நிரப்புங்கள் என்று மாமி சொல்ல, மேசன் மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லை நகர்த்திப் பார்க்காமலே நிரப்பினார்.

அத்திவாரத்தைத் தள்ளி வெட்டியதில் அந்த இடம் எங்கள் படுக்கையறையின் நடுவாக ஆனது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், பின்னேரத்து அசர் தொழுது முடிகிற நேரத்தில், சீமெந்துத் தரையின் நடுவே வட்டமாக ஈரம் தெரியத் தொடங்கியது. துடைத்தாலும் காயாது. என் மனைவி சீமெந்தைக் குறை சொல்வாள், மேசனைத் திட்டுவாள். மாமியோ அந்த அறைக்குள் வந்தால் கிணற்றடியில் நடப்பதுபோல வட்டத்தைச் சுற்றித்தான் நடப்பார். எங்கள் மகள் நடை பழகியபோது, யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவளும் சுற்றி நடந்தாள். அதைப் பார்த்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமைகளில் மாமி வழக்கம்போல மேட்டுக்கு வந்தார். ஒரேயொரு கிணறு கிடைத்தால் போதும், கிணறு இருந்த இடத்தில் மனிதர் இருந்திருக்கிறார்கள், அதற்குமேல் யாரும் பேச முடியாது என்று சேர் அடிக்கடி பெருமூச்சு விடுவார். மாமி தலை நிமிராமல் ஓட்டுத் துண்டை இன்னும் அழுத்தித் தேய்ப்பார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் தன் பாயை அந்த அறையில் போடச் சொன்னார். வட்டத்தின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து, காதைத் தரையோடு வைத்திருப்பார். ஒரு பின்னேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தண்ணிய மறிச்சிட்டன், மருமகன். அது பெரிய பாவம். அவங்க இன்னும் அள்ளிட்டுத்தான் இரிக்காங்க. நான் மவுத்தானாப் பொறகு சேர்ட்டச் சொல்லிருங்க.”

வீடு போனால் மகள் எங்கே போவாள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். 

மாமி மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து எல்லாரும் போன பிறகு, காட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது என்று சேரை அறைக்குள் கூட்டிப் போனேன். என் மனைவி அடுத்த அறையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போவது என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. சேர் வாசலைக் கடந்து இரண்டடி வைத்திருப்பார். ஈரத்தைப் பார்த்ததும் நின்றார். சாகுமுன் இப்படி ஒரு கிணற்றைக் கண்டால் போதும் என்று சொன்ன மனிதர், குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

“சொல்லாதங்க” என்றார். “சொன்னா நான் திணைக்களத்துக்கு எழுதோணும்.”

 அடியில் எங்கோ குடம் இடிக்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தலையைச் சாய்த்துக் கேட்டவர் மெதுவாகச் சொன்னார்.

“எங்கட ஊட்டுலயும் குசினிக்குள்ள, அடுப்படியில, ஒண்டு காயாமக் கிடக்கு. என்ட வாப்பா மூடினது.”

தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மாமி சொல்லச் சொன்னதை நான் இன்னும் எவரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை மேட்டுக்குப் போனேன். எல்லாரும் குனிந்து, கிடந்த இடம் தவறாமல் எழுதி, ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலை செய்யாமல் அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் தங்கள் வீட்டுக்குள் எந்த இடத்தைச் சுற்றி நடப்பார்கள் என்று யோசித்தேன்.