தட்டைச் சுட்ட மின்சாரம்

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் சுற்றும் பூபதிக்குப் பச்சைக் களிம்பைக் கண்டாலே குமட்டும். மலைப் பனி எந்த டார்ச்சையும் விட்டுவைக்காது. சார்ஜ் ஏற்றும் பித்தளைப் பின்னில் களிம்பு பூத்துவிடும். சுரண்டிச் சுரண்டி வெறுத்துப்போய், 2004இல் பின் என்பதே இல்லாத விளக்கு ஒன்றைச் செய்தார். கரண்டில் சொருகும் பெட்டிக்குள் ஒரு கம்பிச் சுருள், விளக்கின் அடியில் இன்னொன்று. பெட்டிமேல் விளக்கை வைத்தால் போதும். இடையில் வயரே இல்லாமல் பேட்டரிக்கு மின்சாரம் போகும். சற்று நகர்ந்தாலும் பாதி வீணாகும் என்பதால் வைக்கும் இடத்தில் வட்டம் கீறினார். பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டம் தானே தணியவும் வழி செய்தார்.

கூட்டாளி யுவராஜ் பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்பு பல்பைப் பொருத்தினான். பிளக்கைச் சொருகினாலே அது எரியும். அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பூபதி விட்டுவிட்டார்.

திண்ணனூர் நாட்டு மலைக் கிராமங்களுக்கு நடந்தே போகும் நர்ஸ் அனுராதா முதல் விளக்கை வாங்கிப் போனார். ஒரு வாரத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"பிரசவம் பாக்கப் போற வழியில அணைஞ்சிருச்சுங்கண்ணா. இருட்டுல தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தேன். நல்லவேளை, தாயும் புள்ளையும் பொழச்சாங்க. செவப்பு எரிஞ்சுதேன்னு நம்பிப் போனனுங்க!"

"எப்படி வெப்பீங்க, காட்டுங்க."

பெட்டிமேல் ஓர் எவர்சில்வர் தட்டு, தட்டுமேல் விளக்கு.

"ஊட்டுல ஓடு ஒழுகுதுங்க. பெட்டி நனையக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

பிளக்கைச் சொருகிய சற்று நேரத்தில் பூபதி தட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். மின்சாரம் முழுவதையும் தட்டே தின்று சூடாகியிருந்தது. சிவப்பு பல்பு கூசாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அதுல தோசை சுட்டிருக்கலாமுங்க," என்று யுவராஜ் சிரித்தான்.

பூபதி சிரிக்கவில்லை. செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பல்பைப் பிடித்துப் பிடுங்கினார்.

"அண்ணா, அது இருந்தாத்தான் யாவாரம்!"

"அடுப்பு எரியறதப் பாத்துட்டு வயிறு நெறஞ்சுதுன்னு சொல்ற பல்புடா இது. த்தூ! களிம்பே தேவலாம், அது கண்ணுக்காவது தெரியும்."

அதே பல்பை விளக்குக்குள் வைத்து, அங்கே வந்து சேரும் மின்சாரத்தில் மட்டும் எரியுமாறு இணைத்தார். பெட்டி நனையாமலிருக்க மேலே மின்சாரத்தைத் தின்னாத மெல்லிய பலகை மூடி போட்டார்.

அனுராதா தட்டைப் பெட்டிக்கும் விளக்குக்கும் நடுவில் வைத்தார், பல்பு அணைந்தது. எடுத்தார், எரிந்தது. மறுபடியும் வைத்து, எடுத்துப் பார்த்துவிட்டே விளக்கைப் பையில் போட்டார்.

"தட்டையும் கொண்டு போயிருங்க," என்றார் பூபதி. "இங்க கெடந்தா இவன் தோசை சுடுவான்."