தம்போயிலிருந்து தாய்மாமன் மடி வரை: 111 கிலோமீட்டர்

என் தங்கச்சி கோமதிக்குப் பிள்ளை பிறந்த ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குக் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தால் கார் சாவி ஆணியில் இல்லை. அப்பா நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

“போறதுன்னா போ. என் கார்ல போவாத. அந்தப் பேர மறந்த மாதிரி உன் பேரையும் மறந்திருவேன்,” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

“மறங்கப்பா. உங்களுக்குத்தான் அது பழகிப் போச்சே,” என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினேன்.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் கோமதி, தன்னோடு சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்த அஸ்லான் என்ற மலாய்க்காரரை விரும்பி, இஸ்லாத்தில் சேர்ந்து, கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தர் போகவில்லை. நானும் போகவில்லை. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதினால் நான் யோக்கியன் வேஷம் போடுகிறேன் என்று அர்த்தம். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. அம்மா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டதால், எடுத்துக்கொடுக்கவும் ஆளில்லை.

போன வாரம் போன் வந்தது. “அண்ணே, ஞாயித்துக்கிழம புள்ளைக்கு முடி எடுக்கிறாங்க. சும்மா சொன்னேன்,” என்றாள். அந்த ‘சும்மா’வில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான். அது என் இடம். அதை எனக்கே சும்மா சொல்வாளா? அப்பா தடுக்கட்டும், அந்த வீட்டு ஆட்கள் முறைக்கட்டும், அந்த மடியில் பிள்ளை உட்கார்ந்தே தீரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அரைப் பவுனில் தங்கச் சங்கிலி வாங்கினேன். பையன் வளர்ந்த பிறகும் போடட்டும் என்று பதினாறு அங்குலம். தட்டு, தேங்காய், பழம், புதுச் சட்டை எல்லாம் தயார்.

இனி என் பயணப் பதிவுகளின் வழக்கமான கணக்கு. ஜோகூர் மாநிலத்தில் எங்கள் தம்போயிலிருந்து லார்க்கின் பேருந்து நிலையம் 6 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸை நம்பினால் சீர் தட்டோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான், அதனால் டாக்சி, 12 ரிங்கிட். எட்டு மணிக்குப் புறப்படும் ‘பத்து பஹாட்’ ஊர் பஸ்ஸில் ஆயர் ஈத்தாம் வரை 11 ரிங்கிட் 50 சென். 88 கிலோமீட்டர், ஒரு மணி நாற்பது நிமிடம். வழி நெடுக எண்ணெய் எடுக்கும் செம்பனை, செம்பனை, செம்பனை. என் பக்கத்து இருக்கைக்காரர் தேங்காயைப் பார்த்துவிட்டு “கோயிலுக்கா?” என்று கேட்டார். “தங்கச்சி வீட்டுக்கு,” என்றேன். உண்மையைச் சொன்ன சந்தோஷத்தில் அவருக்கு ஒரு வாழைப்பழமும் கொடுத்தேன்.

ஆயர் ஈத்தாமில் இறங்கி, ஜாடிகளும் பூந்தொட்டிகளும் அடுக்கிய கடை வாசலில் நின்று கைபேசிச் செயலியில் இ-ஹெய்லிங் கார் கூப்பிட்டேன். வந்தவர் ஃபாத்திமா. நாற்பது வயதிருக்கும், தமிழ் முஸ்லிம், முக்காடு, கறுப்புக் கண்ணாடி, ஓயாத வாய்.

“அண்ணே, வேட்டியில பளிச்சுனு இருக்கீங்க! எங்க போறீங்க?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சங்கிலி உட்பட. காரின் வேகம் குறைந்தது.

“பையனா, பொண்ணா?”

“பையன்.”

“அலமாக்! எங்கள்ல ஆம்பளைக்குத் தங்கம் ஆகாதுண்ணே. எங்க பக்கம் சின்னப் புள்ளைக்குக்கூடப் போட மாட்டாங்க. வெள்ளின்னா பரவால்ல.”

பதினோரு வருடம் மலாய்ப் பையன்களோடு ஒரே பெஞ்சில் படித்தவன் நான். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் ரெண்டாங் கறி தின்றவன் (கோழிதான், பதறாதீர்கள்). ஒரு பையனின் கையிலும் தங்க மோதிரம் இல்லை என்பதை நாற்பது வயதில், சீர் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் கவனிக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் வரும்.

“திருப்பவா? வெள்ளி எதுனா பாப்போம் லா,” என்றார் ஃபாத்திமா.

“வேணாம்க்கா. வாங்குனது வாங்குனதுதான். வேற என்னென்ன தெரியாம போறேன், அதச் சொல்லுங்க.”

பதினேழு கிலோமீட்டரில் அவர் நடத்திய பாடத்தை, என்னைப் போல இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன். இறைவன் ஒருவன், முகம்மது நபி அவன் தூதர் என்ற உறுதிமொழி முதல் கடமை. ஒரு நாளில் ஐந்து வேளைத் தொழுகை, ரமலான் மாத நோன்பு, வசதியுள்ளவர் கட்டாயம் தரும் ஏழை வரி, முடிந்தவர் ஒருமுறை மக்கா போவது. பிறக்கும் பிள்ளை பாவம் எதையும் சுமந்து வருவதில்லை, வெள்ளைத் துணியாகத்தான் வருகிறது. ஏழாம் நாள் பெயர் வைத்து, ஆட்டை அறுத்து ஊருக்குச் சோறு போட்டு, முடியை மழித்து, அந்த முடியின் எடைக்கு வெள்ளியை ஏழைக்குக் கொடுக்க வேண்டும்.

“நீங்க எப்பருந்து முஸ்லிம்?” என்று கேட்டேன்.

“நாங்களா? மலாக்காவுல ராஜா இருந்த காலத்துலயே எங்க ஆளுங்க கப்பல்ல வந்து போனவங்கண்ணே,” என்று சிரித்தார்.

சரிதான். மலாக்கா விழுந்த பிறகு அந்த ராஜவம்சம் தெற்கே வந்து உருவாக்கியதுதான் ஜோகூர். மலாக்கா துறைமுகத்தில் அரபுக்காரரும் குஜராத்திக்காரரும் நம் சோழமண்டலக் கரைத் தமிழரும் சேர்ந்துதான் சரக்கு இறக்கினார்கள். சரக்கோடு மார்க்கமும் இறங்கியது. நோன்புக்கு மலாய்க்காரர் சொல்லும் ‘புவாசா’வே நம்ம உபவாசம்தான். அப்பா, நீங்கள் ‘அவங்க’ என்கிறீர்களே, அவங்க வாயில் நம்ம வார்த்தை எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது, தெரியுமா?

பத்தரைக்குப் பாரிட் ராஜா என்ற ஊரைத் தாண்டிய அந்தக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வீட்டின் முன் இறங்கினேன். கட்டணம் 22 ரிங்கிட். கூடாரத்தில் இருபது முப்பது பேர். எல்லாக் கண்ணும் என் வேட்டி மேல். சண்டைக்குத் தயாராகத்தான் உள்ளே போனேன். அவளுக்கு என்ன புதுப்பெயர் வைத்திருந்தாலும் நான் கோமதி என்றுதான் கூப்பிடுவேன், முதல் சண்டை அதுதான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு மலாய் அம்மாளின் குரல் கேட்டது. “கோமதி! தரையில உக்காராதே, உடம்பு குளிரும்! கோமதி, அண்ணன் வந்தாச்சு!” மலாயில்தான் சொன்னார், பெயரை மட்டும் அட்சரம் பிசகாமல் சொன்னார். அஸ்லானின் அம்மா. என் முதல் சண்டை அங்கேயே செத்துப் போனது. எங்கள் வீட்டில் மூன்று வருடமாகக் கேட்காத பெயர், ஐயா!

கோமதி முக்காட்டோடு வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். “பஸ்ஸுலயா வந்தீங்க?” என்று கேட்டாள்.

பதினொரு மணிக்குச் சடங்கு. நபியைப் புகழ்ந்து ஆண்கள் எழுந்து நின்று பாட, அஸ்லான் பிள்ளையை ஏந்தி ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு துளி முடி கத்தரித்து, வாயை அழகாகச் செதுக்கிய இளநீருக்குள் போட்டார்கள். நான் கொண்டுபோன தேங்காயைப் பார்த்தேன், அந்த இளநீரைப் பார்த்தேன். இங்கேயும் தேங்காய்தானா! என் முறை வந்தது. கத்தரிக்கோலை வாங்கவில்லை.

“எங்க வழக்கத்துல முழு மொட்டை தாய்மாமன் மடியிலதான் எடுக்கணும். நான் அதுக்குத்தான் வந்தேன்,” என்று மலாயில் சொன்னேன். பாட்டு நின்றுவிட்டது. அஸ்லானின் பெரியப்பா, “அது இந்து வழக்கம், இங்க வேணாம்,” என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, “நீங்க எப்ப இஸ்லாத்துக்கு வர்றீங்க?” என்றும் கேட்டார்.

“நான் தாய்மாமனா வந்திருக்கேன், பாக்சிக். இன்னைக்கு அது போதும்,” என்றேன் (‘பாக்சிக்’ என்றால் பெரியவர்). கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, அவளை இங்கேயும் வாழ விடாமல் செய்கிறேனோ என்று தோன்றியது. ஆனால் பாயில் உட்கார்ந்துவிட்டேன், நகரவில்லை.

சடங்கை நடத்திய இமாம் சின்ன வயதுக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. ஐந்து விரலை விரித்துக் காட்டினார். எந்தச் செயலும் ஐந்தில் ஒன்று: கட்டாயமானது, செய்தால் நன்மை, செய்தாலும் விட்டாலும் ஒன்றே, விட்டால் நல்லது, கூடவே கூடாதது. நடுவிரலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார். “மடியில வச்சு ஏதாவது சாமிக்குப் பூசை செய்வீங்களா?”

“இல்ல. மடி மட்டும்தான்.”

“அப்ப இது இந்த விரல். நம்பிக்கையை உடைக்காத வழக்கத்துக்கு மார்க்கத்துல இடம் இருக்கு. மாமன் மடி யாருக்கும் கெடுதல் இல்லையே.” பெரியப்பா ஏதோ முணுமுணுத்துவிட்டு, தானே போய் எனக்கு ஒரு திண்டு எடுத்துவந்து போட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டே விரல்தான்: கூடும், கூடாது. இவர்களுக்கு ஐந்து. இத்தனை நாள் இவர்களைத்தான் கெடுபிடிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை என் மடிக்கு வந்தான். ஆடம் என்று பெயர் வைத்தார்கள். அஸ்லான் மழிக்க, நான் தலையைத் தாங்கிக்கொண்டேன். பாதி மொட்டையில் என் வேட்டியை நனைத்துவிட்டான். கூடாரமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அப்புறம் சங்கிலி. எடுத்து வைத்துக்கொண்டு முழித்தேன். இமாம் கூடாது என்று தலையை ஆட்டினார், நடுவிரலைக் காட்டவில்லை. அஸ்லானின் அம்மாதான் பேசினார். “பையனுக்குத்தானே ஆகாது? அவன் அம்மாவுக்கு ஆகுமே!” என் கையிலிருந்து வாங்கி, கோமதியின் முக்காட்டை விலக்கி, கழுத்தில் மாட்டிவிட்டார். பதினாறு அங்குலம், அளவெடுத்த மாதிரி இருந்தது. கல்யாணத்தன்று பிறந்த வீட்டிலிருந்து ஒரு குன்றிமணி தங்கம் போகாத கழுத்து அது. கோமதி என்னைப் பார்த்து, “லேட்டாதான் வந்தீங்க,” என்றாள். திட்டு வாங்கத்தானே போனேன், வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஏழாம் நாள் விழாவுக்கு அழைத்தால் போங்கள். ஆட்டுக் குருமா பிரமாதம், மாடு இருந்தால் அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்கு வெள்ளி வாங்குங்கள். தெரியாததைக் கேளுங்கள். கேட்டதால் நான் மதம் மாறிவிடவில்லை, இன்று காலையும் திருநீறு பூசித்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

காரில் போகிறவர்கள் வடக்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமில் வெளியேறவும். ஒன்றேகால் மணி நேரம். தூரத்தைத் தப்பாகப் போட்டிருந்தால், ‘ஓய்வு பெற்ற லாரிக்காரன்’ என்ற பெயரில் ஒருவர் எப்போதும் போலக் கீழே கருத்துப் பகுதிக்கு வந்து திருத்துவார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா, சாவி உங்களிடம்தான் இருக்கிறது. பாரிட் ராஜாவைத் தாண்டி இரண்டாவது வாய்க்கால் பாலத்தில் இடப்பக்கம் திரும்புங்கள். வீட்டுக்கு எண் கிடையாது. பெயர் சொல்லி விசாரிக்க உங்களுக்கு வாய் வராவிட்டால் காரை நிறுத்தி ஐந்து நிமிடம் கண்ணாடியை இறக்கி வையுங்கள். அவளை யாராவது கூப்பிடுவார்கள்.