அப்பாவின் வண்டி கப்பலேறிய கதை

ஆஸ்திரேலியாக்காரனுக்கு வெளிநாட்டு மண் என்றாலே ஆகாது. வந்து இறங்கும் வண்டியின் டயர் இடுக்கில் ஒரு புல்விதை, மட்கார்டுக்கு அடியில் கொஞ்சம் சேறு இருந்தால் போதும். நம் செலவில் கழுவுவான், இல்லை திருப்பி அனுப்புவான், அதுவும் சரிப்படாது என்றால் அழித்தே விடுவான். ஏற்றுமதி ஏஜென்ட் இதைச் சொன்னபோது அம்மா, "அவ்ளோ சுத்தக்காரனா அவன்?" என்று கேட்டாள். அந்தத் தொனியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அண்ணன் மெல்பர்னில் இருக்கிறான். அப்பா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. விசா விண்ணப்பம் பாதியில் கிடந்தது. வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். படப்பையில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடந்த அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான். பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். மகன் போட வேண்டிய முதல் பிடியைச் சித்தப்பா போட்டார். அம்மா அதை மறக்கவே இல்லை. வீடு வேண்டாம், மனை வேண்டாம், அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் மட்டும் போதும் என்று பிறகு அவன் கேட்டபோது, "ஒரு பிடி மண்ணு போட வராதவனுக்கு வண்டி இன்னாத்துக்கு?" என்று போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வீட்டுக்கு வந்த வண்டி அது. அவர் உதைத்தால் கிளம்பும். மற்றவர்கள் உதைத்தால் திருப்பி உதைக்கும். அண்ணன் முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த அம்மா, யாரும் கேட்காமலேயே, "அனுப்பித் தொலை" என்றாள்.

நான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அதை இலவசமாகச் செய்கிறேன் என்பது அம்மாவின் புகார். வண்டியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். டயரில் சிக்கிய பொடிக்கற்களைக் குண்டூசியால் நெம்பி எடுத்தேன். டூல் பாக்ஸைக் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினேன்.

வல்லம் வடகாலில் இருக்கும் பேக்கிங் ஷெட்டுக்கு வண்டி போன அன்று அம்மாவும் கூட வந்தாள். முன்சக்கரத்துக்கு அடியில் பளபளவென்று ஒரு எலுமிச்சம்பழம். நான் போட்ட சத்தத்தில் ஃபோர்க்லிப்ட் நின்றுவிட்டது.

"கடல் தாண்டிப் போற வண்டி அக்கா. ஒரு பழம்கூட வெக்கலன்னா எப்டி?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு விதை உள்ள போனாலும் வண்டி திரும்பி வந்துடும். எடுங்க!"

பழத்தைத் தூர எறிந்து, தரையைப் பெருக்க வைத்து, மரப்பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மா வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். மூடப் போகும் சமயத்தில், "ஒரு பரலோக மந்திரம் சொல்லிக்கலாம். எல்லாரும் கண்ண மூடுங்க" என்றாள். பழம் வைத்தவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார்கள். பரிசோதகியான நானும் மூடினேன். ஆமென் சொன்னதும் பெட்டிக்கு ஸ்க்ரூ போட்டார்கள். மற்றச் சரக்குகளோடு அதை அன்று மாலையே கன்டெய்னரில் ஏற்றி சீல் வைத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். அப்பா போனபின் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"அங்க எறக்குனதும் டூல் பாக்ஸ அவனையே தொறக்கச் சொல்லுடி."

"ஏன்?"

"அப்பா கல்லறை மண்ணு ஒரு பிடி வெச்சிருக்கேன். அவன் கையால தொடட்டும்."

தட்டைத் தள்ளிவைத்தேன். கண்ணை மூடச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது. அப்பாவிடமிருந்து அண்ணனுக்குப் போய்ச் சேரப் போவது அந்த வண்டி ஒன்றுதான். அதையும் அழிக்க வைக்கப் போவது அம்மாவின் பாசம்.

சூப்பர்வைசருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தபோது அம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் விட்டிருந்தது. கம்பெனி பஸ்கள் வால் பிடித்து நின்றன. நடுவில் புதுக் கார்களைச் சுமந்த டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. சீல் விழுந்துவிட்டால் மெல்பர்ன் வரை யாரும் கதவைத் திறக்க முடியாது. "இன்னாம்மா உனக்குப் புத்தி!" என்று திரும்பித் திரும்பிக் கத்தினேன். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓரத்துச் சரளையில் இறக்கி, எப்படியோ புகுந்து போனேன்.

கன்டெய்னரின் ஒரு கதவு மூடியிருந்தது. சீல் சூப்பர்வைசர் கையில் இருந்தது.

"பெட்டிய எறக்கணும்" என்றேன்.

"இன்னாக்கா வெளையாடறீங்களா? உங்க பெட்டி உள்ள கோடியில கீது. முன்னாடி அம்மாம் சரக்கு அடுக்கியாச்சு."

"உள்ள மண்ணு இருக்கு."

"ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அந்தக் கத்து கத்துனீங்க! இப்ப மண்ணா? எந்த மண்ணு?"

"அவ அப்பா கல்லறை மண்ணுப்பா. நான்தான் வெச்சேன்" என்றாள் அம்மா.

அவர் சீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஃபோர்க்லிப்ட்காரரைப் பார்த்து விசில் அடித்தார்.

சரக்கு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. துறைமுகத்துக்குப் போக வேண்டிய டிரைவர் வாட்சைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, ஹேண்டில்பாரில் கட்டியிருந்த சாவியால் டூல் பாக்ஸைத் திறந்தேன். அப்பாவின் கர்ச்சீப், நாலு மூலையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. மண்ணின் ஈரம் இன்னும் காயவில்லை. முடிச்சை வெளியே எடுத்துவிட்டு, டூல் பாக்ஸின் உள்ளே ஈரத் துணியால் துடைத்தேன், உலர்ந்த துணியால் துடைத்தேன், டார்ச் அடித்துப் பார்த்து மறுபடி துடைத்தேன். இந்த முறை யாரையும் கண்ணை மூட விடவில்லை.

எல்லாம் திரும்ப ஏறி, சீல் விழுந்தது. முடிச்சை வேலியோரம் அவிழ்த்துக் கொட்டப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொட்டாதடி. அது அவன் பங்கு."

கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அம்மா முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டாள். "அப்பாவுக்கு இன்னா சொல்லணுமோ சொல்லு. சொல்லி முடி, நான் போடறேன்" என்றாள்.

போனைக் கல்லறைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அம்மா மண்ணோடு கையைக் கல்லறைக்கு மேல் நீட்டினாள்.

"அப்பா, வண்டி ஏறிடுச்சுப்பா" என்றான்.

அம்மா கையைத் திறந்தாள்.