உள்ளே ஆள் உண்டு

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பொரி கடலையோடு கடம்பூர்ப் போளியும் வைப்பது என்று எங்கள் நுண்ணுயிரியல் துறை ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒன்றரை மணி நேர விவாதம். தேங்காய்ப் போளியா, பருப்புப் போளியா என்ற கிளைப் பிரச்சினை துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. நான் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தபோது தொலைபேசி அடித்தது. சண்முகத்தாய் மேடம் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய தங்கை சொன்னார். பேனாவை மூடினேன். அந்தத் தீர்மானத்தில் இன்றுவரை என் கையெழுத்து இல்லை.

அவரோடு இதே கல்லூரியில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு, அவர் என்ன தேடினார் என்பது கடைசிவரை சரியாகத் தெரியாது. பக்கத்து மேசைக்காரனான எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. கரிசல் மண்ணிலும் அதில் விளையும் பயிர்களின் வேரிலும் பாக்டீரியாவும், அவற்றின் தூரத்துச் சொந்தமான ஆர்க்கியாவும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆய்வகத்துத் தட்டில் உணவு வைத்து அழைத்தால் மிகச் சிலவே வளரும். மற்றவை எங்கே என்று துறையில் யாரும் கேட்பதில்லை. வளராததை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. மேடத்துக்கு அந்த வராதவர்கள்மேல்தான் மரியாதை. மனிதர்களைச் சொல்வதுபோல 'அவிய' என்றுதான் சொல்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாத மதியம். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டி, சோள வேரில் நுண்ணுயிர்களை ஒளிரவைக்கும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்திருந்தார்.

"வாங்க சார், வந்து பாருங்க."

பார்த்தேன். இருட்டில் வேரின் ஓரம் நெடுகப் பச்சைப் புள்ளிகள் எரிந்தன. திருக்கார்த்திகையன்று தெரு முழுக்க விளக்கு வைத்துவிட்டு ஊரே உள்ளே போய்விட்டதைப் போல இருந்தது. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது என் வகுப்பு முடிந்திருந்தது. மாணவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"இத்தன பேரு வீட்ல இருக்காவ. நாம கூப்பிட்டா ஒருத்தரும் வெளிய வரமாட்டேங்காவ," என்றார்.

அந்தக் கோடையில் மண் எடுக்கப் புதூர்ப் பக்கம் போனோம். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேடம் தரையில் படுத்து, ஒரு வெடிப்புக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து நின்றார்.

"என்னம்மா, வளையல் விழுந்துட்டா?"

"இல்ல அண்ணாச்சி, மண்ணு எடுக்கேன். இதுக்குள்ள உயிரு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். அத எதுக்கு டவுனுக்குக் கூட்டிட்டுப் போறீய?"

"சாப்பாடு போட்டு வளக்கத்தான்."

"என்ன சாப்பாடு?"

இறைச்சிச் சாறு, சர்க்கரை என்று மேடம் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "கோடையில காஞ்ச ஆட்ட ஒரேயடியாப் பச்சையில விட்டா வயிறு ஊதிச் செத்துரும்லா. படிச்சவிய, இது தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. திரும்பும் பேருந்தில் மேடம் குறிப்பேட்டில் உணவின் அளவைக் குறைத்துக் குறைத்து எழுதிக்கொண்டே வந்தார். அடுத்த தையில் நாற்பது கண்ணாடித் தட்டுகளில் வழக்கமான உணவில் நூறில் ஒரு பங்கு மட்டும் வைத்தார். காயாமலிருக்க ஓரங்களை மெழுகால் அடைத்து அலமாரியில் வைத்தார். "பசிச்சுப் பழகினவிய. மெதுவாத்தான் வருவாவ." ஓய்வு பெறுவதற்குள் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒன்பது மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. மேடம் நாகலாபுரத்துக்கு வேர் எடுக்கப் போயிருந்தார். ஆய்வகத்தில் உள்ள அனைத்தையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைப்பது எங்கள் துறையின் வழக்கம். அலமாரியில் நாற்பது தட்டுகள் இருந்தன. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. நானே கழுவினேன். மெழுகைக் கீறலில்லாமல் சுரண்டி எடுத்ததில் சற்றுப் பெருமைகூட இருந்தது. பிறகு தட்டுக்கொரு பொட்டு வைத்தேன். அந்தத் தட்டுகளில் கண்ணுக்குத் தெரிந்த முதல் வளர்ச்சி அதுதான்.

மறுநாள் மேடம் அலமாரியின் முன் வெகுநேரம் நின்றார்.

"என்ன சார், எல்லாரையும் குளிப்பாட்டிப் பொட்டு வச்சிட்டீய போலுக்கே."

நான் ஒரு தட்டை எடுத்துப் பொட்டைத் துடைக்கப் போனேன்.

"வந்து கதவத் தட்டியிருப்பாவ. நாம வீட்ல இல்ல," என்று சொல்லிவிட்டு மெழுகை உருக்க அடுப்பைப் பற்றவைத்தார். அவருடைய ஓய்வுக்கு அப்போது ஏழு மாதம் இருந்தது.

அன்று மீண்டும் வைத்த நாற்பதைப் பின்னர் மழைக்காலப் பூஞ்சை தின்றது. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் கைப்பையில் உருப்பெருக்கியோடு வருவார். புதிதாக வைப்பார், காத்திருப்பார். இதற்கிடையே பெருநகர ஆய்வகங்களுக்கு மண்ணை அனுப்பினால், எதையும் வளர்க்காமலே மரபணுவைப் படித்துப் பெயர்ப் பட்டியல் தரும் காலம் வந்தது. அப்படி வந்த பட்டியலை உற்சாகமாக நீட்டினேன். முழுதும் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வோட்டர் லிஸ்ட்டுல பேரு வந்துட்டு. ஆளப் பாக்கணும்லா சார்?"

கடைசி நாற்பதை இந்தச் சித்திரையில் வைத்தார். அலமாரிக் கதவில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கழுவ வேண்டாம். உள்ளே ஆள் உண்டு.'

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதிகமில்லை. அந்த உருப்பெருக்கியை அவருடைய தங்கை எனக்குக் கொடுத்தார். 'காலி' என்று எழுதும் முன் பேனா ஒரு கணம் நிற்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வெடித்த கரிசலைத் தாண்டும்போது காலை மெதுவாக வைக்கிறேன், கீழே வீடுகள்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அந்த அலமாரியைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே ஒரு பொட்டு வைத்தோம். போளி பருப்புப் போளி. தை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, பதினேழாம் தட்டில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெண்புள்ளி தெரிந்தது. மூடியைத் துடைத்துப் பார்த்தேன். புள்ளி உள்ளே இருந்தது.