பழைய பாடத்துக்குக் கடைசித் தேர்வு

என் மகள் கணினியில் நிரல் எழுதுகிறவள். போன வாரம் தொலைபேசியில், "நாங்க எழுதுற மொழியோட பழைய பதிப்புக்கு அடுத்த வருஷத்தோட ஆதரவு நிக்குதும்மா. அதுக்குள்ள எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தணும். தலையப் பிச்சிக்கிட்டு இருக்கோம்" என்று புலம்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கூத்தை அறுபதுகளிலேயே தென்காசியில் பார்த்தவள் நான்.

பள்ளியிறுதித் தேர்வில் நான் கணக்கில் கோட்டை விட்டேன். எனக்குத் துணையாகக் கோட்டை விட்டவள், அடுத்த தெருவில் தறி போட்டிருந்த வீட்டுப் பெண், என் உயிர்த் தோழி. அந்த வருடம் பார்த்துப் பாடத்திட்டம் மாறியது. புதுப் புத்தகத்தில் கிலோவும் மீட்டரும் ஏறிவிட்டன. தவறியவர்கள் பழைய பாடத்திலேயே இன்னும் இரண்டு முறை எழுதலாம் என்று சலுகை கொடுத்தார்கள். முதல் முறையும் ஜோடியாகவே தோற்றோம். மிச்சம் இருந்தது செப்டம்பர் மட்டும். அதையும் விட்டால் புதுப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இருவருக்கும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர ஆசை. "செப்டம்பரோட சரின்னு வாப்பா சொல்லுதாங்கட்டி. அதுக்கு மேல புஸ்தகத்தத் தொட விடமாட்டாங்க" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அப்படி மறுபடியும் தோற்ற அன்றே என் கணக்குப் புத்தகத்தைச் சிற்றாற்றில் வீசியிருந்தேன். இப்போது கடையில் கேட்டால், பழையதை அச்சடிப்பதே இல்லை என்றார்கள். அவளுடைய புத்தகம் ஒன்றுதான் கதி. ஒரு நாள் அவளுக்கு, ஒரு நாள் எனக்கு என்று முறை வைத்துக்கொண்டோம்.

கடைவீதி முழுக்கக் கிலோவுக்கு மாறியிருந்தது. எங்கள் கேள்வித்தாளில் வரப்போவதோ பழைய எடைகளான மணங்கும் வீசையும் சேரும் பலமும். இரண்டும் மண்டையில் குழம்பிவிடக் கூடாதென்று, தேர்வு முடியும்வரை கிலோ என்ற சொல்லே வாயில் வரக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டோம். "அரை வீச கத்தரிக்கா தாங்க அண்ணாச்சி" என்று போய் நிற்போம். "கவர்மென்டே கைவிட்ட வீசய நீங்க ரெண்டு பேரும் விடமாட்டிய போலயே!" என்று காய்கறிக் கடை அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் மனக்கணக்குப் போட்டுச் சரியாக நிறுத்துத் தருவார். அந்தச் சிரிப்பும் கும்மாளமும் பிறகு எனக்கு யாரோடும் வாய்க்கவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சீசன் முடிவதற்குள் குளித்துவிட வேண்டும் என்று மதுரையிலிருந்து மாமா குடும்பம் வந்து இறங்கியது. என் முறை நாள் குற்றாலத்திலேயே கழிந்தது. மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு என் மொறல்லா? புஸ்தகத்தக் குடுட்டி."

வீசைக் கணக்கில் ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. புத்தகம் உள்ளே தலையணைக்கு அடியில் இருந்தது.

"அருவிக்குக் கொண்டுபோனேன்ட்டி. சாரல்ல நனஞ்சிட்டு. காயப் போட்டிருக்கேன், ரெண்டு நாள்ல தாரேன்" என்றேன். வாய் கொஞ்சமும் கூசவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, பக்கம் கிழிஞ்சிராமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் நான்கானது. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். ஒரு தாள்கூடச் சுருங்கியிருக்கவில்லை. வீசைக் கணக்குப் பக்கத்தை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

நான் பாஸானேன். அவளுக்கு இரண்டு மார்க் குறைந்தது.

முடிவு வந்த அன்று அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கற்கண்டை என் வாயில் போட்டாள்.

"வீசக் கணக்கு ரெண்டும் தப்பு" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "புஸ்தகம் நனையலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கேட்டா நீ அழுவ. அழுதுகிட்டே பரீட்ச எழுதினா நாம ரெண்டு பேருமே போயிருப்போம்ட்டி."

அந்த இடத்திலேயே அவள் காலைப் பிடித்திருக்க வேண்டும் நான். கற்கண்டை மென்றுகொண்டு நின்றேன்.