துணிக்கொடியிலிருந்து வந்த குரல்

என் அம்மாவுக்குக் கேட்பதுதான் வேலை. அரசாங்கத்தின் வானொலிக் கண்காணிப்பு நிலையத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிற்றலையில் உரிமம் இல்லாமல் யார் பேசினாலும் கேட்பார், பதிவு செய்வார், குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பார். பதில் பேச முடியாது. அங்கே இருந்தவை எல்லாம் ரிசீவர்கள். டிரான்ஸ்மிட்டர் ஒன்றுகூடக் கிடையாது.

நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்ததை வீட்டுக்கு வந்து வட்டியும் முதலுமாகத் தீர்ப்பார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிடும். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. "நடுவுல ஒரு கமா போடேன், மூச்சு விட்டுக்குறேன்" என்பார்.

"உங்க அச்சகத்துல மிச்சம் இருந்தா எடுத்துட்டு வாங்க, போடுறேன்."

அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. இரைச்சல்கூட இல்லாத அமைதியை நம்பக்கூடாது, ஆன்டெனா கழன்றிருக்கும் என்று அம்மா சொல்வார். நானும் மின்னணுவியல் படித்தவன்தான். இந்த ஒரு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா கேட்ட குரல்களுக்குப் பெயர் கிடையாது. ஆகவே அவரே வைப்பார். ஒவ்வொரு முறையும் தும்மிவிட்டுப் பேசும் படகுக்காரர் 'தும்மல்'. எல்லாரையும் குறை சொல்லும் ஒரு மரக்கிடங்கு ஆள் 'மாமியார்'. சீட்டாட்டப் பாக்கிக்காக மாதக்கணக்கில் அலையில் சண்டை போட்ட இரண்டு பேர் 'சம்பந்திகள்'. அலைவரிசையையும் இடத்தையும் வீட்டில் சொல்லமாட்டார். அது ரகசியம். தும்மலை மட்டும் நடித்துக் காட்டுவார். "அது ரகசியம் இல்ல, சளி" என்பார்.

அந்த நிலையம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. அதுதான் அம்மாவின் கதையும்.

அம்மாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் ஓய்வு. உதவிக்கு அவருடைய தம்பி வந்தார். மாமா மோட்டார் சுற்றும் தொழில் செய்பவர். மின்விசிறி, தண்ணீர் பம்பு, எது எரிந்துபோய் வந்தாலும் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். எங்கே போனாலும் இரும்புப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார். உள்ளே சாமான்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு நிலையத்தின் ஊழியர் குடியிருப்பில் முதல் வீடு. நிலையத்தின் பின்சன்னலுக்கும் எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி மட்டும்தான். வேலியோரமாகத் துணி துவைக்கும் கொட்டகை. அதிலிருந்து வீட்டுச் சுவர் வரை துணிக்கொடி.

வந்த இரண்டாம் நாளே மாமா கொடியை மாற்றினார்.

"கயிறு இத்துப்போச்சுக்கா. நம்ம செம்புக் கம்பியைக் கட்டிட்டேன். இனிமே அறாது."

கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்குப் பூரிப்பு. "பாத்தீங்களா? எங்க வீட்டு ஆளுங்களுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் பொறுப்பு வரும். வந்துடுச்சுன்னா நிக்காது."

"வராம இருந்தப்பவும் நிக்கலையே" என்றார் அப்பா.

மருந்து சாப்பிட்டுவிட்டு அம்மா மதியம் தூங்குவார். அந்த நேரத்தில் மாமா கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெட்டிக்குள் இருந்தது அவரே செய்த டிரான்ஸ்மிட்டர். கொடிக்கம்பிதான் ஆன்டெனா. தூரத்துத் தீவு ஒன்றில் வானிலை நிலையத்தில் வேலை செய்த பெண் ஒருத்தி, ஓய்வு நேரத்தில், பொழுதுபோக்குக்கான அமெச்சூர் வானொலியில் பேசுவாள். மாமா பேசியது அவளோடுதான். அவளிடம் உரிமம் இருந்தது. மாமாவிடம் இல்லை. உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் பெயர் மாதிரி ஓர் அழைப்புக்குறி தருவார்கள்; மாமா அவளிடம் ஒரு போலியைச் சொல்லிவைத்திருந்தார்.

மாமாவின் பெட்டி நன்றாகப் பேசும், ஆனால் ஒழுகும். அவர் பேசியது ஒரு பக்கம் தீவுக்குப் போனது. இன்னொரு பக்கம், விமானிகளுக்கு ஒதுக்கிய அலைவரிசையின் ஓரத்தில் வழிந்தது. விமானத் துறையிலிருந்து புகார் வந்தது. யாரோ ஒருவன் குறுக்கே பேசுகிறான், இன்று ஓரத்தில் இருப்பவன் நாளை விமானியின் பேச்சு மேலேயே ஏறிவிடுவான், உடனே பிடியுங்கள்.

அம்மா இல்லாத நிலையம் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது. தீவுப்பெண்ணின் பேச்சு தனக்கு உரிய இடத்தில் சுத்தமாக இருந்ததால் இவர்கள் பக்கம் வரவில்லை. வந்தது மாமாவின் பாதி மட்டும். "ம்… அப்புறம்?… சரி சரி… அதை அங்க சொல்லாதீங்க." பாதிப் பேச்சு எதைக் கேட்டாலும் சதித்திட்டம் மாதிரிதான் இருக்கும்.

அடுத்து திசை. நிலையத்துக்கு வெளியே வட்டமாகக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். தூரத்துக் குரல் எல்லாக் கம்பங்களுக்கும் ஒரே திசையிலிருந்து வந்து சேரும். கருவி அந்தத் திசையைக் காட்டும். குரல் வேலிக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒவ்வொரு கம்பமும் ஒவ்வொரு திசையைச் சொல்லும். முள் தட்டாமாலை சுற்றியது. நிலைய அதிகாரி கரும்பலகையில் ஒரு கப்பலை வரைந்தார். ஆள் நகர்ந்துகொண்டே இருக்கிறான், அதனால்தான் முள் நிற்கவில்லை என்றார். வாரத்தில் சில நாள் குரல் மெலிந்தது. கப்பல் தூரமாகப் போகிறது என்று இன்னும் பெரிய கடலாக வரைந்தார். அவை அப்பா துணி துவைக்கும் நாட்கள். ஈரத்துணி தொங்கினால் ஆன்டெனாவின் ஒத்திசைவு கெட்டுவிடும்.

மற்ற நாட்களில் குரல் இடி மாதிரி வந்தது. அவ்வளவு பலமான குரல் ரிசீவரைத் திணறடிக்கும், பேச்சு கரகரவென்று உடைந்துபோகும். ஒலியைக் குறைத்திருந்தால் தெளிந்திருக்கும். யாரும் குறைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க மெல்லிய குரல்களைத் தேடியவர்கள் அவர்கள். புரியவில்லை என்றால் கூட்டத்தான் தெரியும். கூட்டக் கூட்டக் குரல் இன்னும் உடைந்தது. சோதனை வண்டி தினமும் துறைமுகச் சாலைக்குப் போய் வந்தது. போகும்போதும் வரும்போதும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். மாமா வெளியே நின்றால் ஓட்டுநருக்குக் கை காட்டுவார்.

ஆறு வாரம் முடிந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பினார். பக்கத்து இருக்கையில் இருந்தவரை நான் சித்தி என்று கூப்பிடுவேன். அன்று மதியம் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வாங்கக்கா! ஒருத்தன் எங்க எல்லாருக்கும் தண்ணி காட்டிட்டு இருக்கான். உங்க காதுக்காகவே அவனை விட்டு வச்சிருக்கோம்."

"விட்டு வச்சீங்களா, விட்டுட்டீங்களா?"

அம்மா ஹெட்ஃபோனை மாட்டினார். அதிகாரி, சித்தி, ஓட்டுநர் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கரகரப்பு. ஆறு வாரம் ஹெட்ஃபோன் படாத காது வலித்திருக்க வேண்டும். அம்மா குமிழைக் குறைத்தார். குரல் தெளிந்தது.

"…எங்க அக்கா இன்னைக்குத்தான் வேலைக்குப் போயிருக்காங்க. இனிமே கிசுகிசுன்னு பேச வேண்டியதில்ல. நல்லா கேக்குதா?"

நன்றாகவே கேட்டது.

ஊழியர் வீட்டில் உரிமம் இல்லாத டிரான்ஸ்மிட்டர் இருந்தால் வேலை போய்விடும். புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த விதியை வாசித்துக் காட்டுவதே அம்மாதான். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கம்பியை அவிழ்த்துவிட்டால் குரல் நின்றுவிடும், புகார் நின்றுவிடும். கரும்பலகைக் கப்பல் ஏதாவது ஒரு கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். குமிழிலிருந்து அம்மாவின் கை நகரவே இல்லை என்றார் சித்தி.

பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"சார், அந்தக் கப்பலை அழிச்சிடுங்க."

"ஏம்மா?"

"அது கப்பல் இல்ல. எங்க வீட்டுத் துணிக்கொடி."

யாருக்கும் புரியவில்லை. அம்மா பின்சன்னலைத் திறந்து காட்டினார். கொடியில் அப்பாவின் சட்டைகள் காய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"வண்டியை எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"வேலியைத் தாண்டவா?"

ஆனால் சோதனைக்கு வண்டியில்தான் போகவேண்டும் என்பது நடைமுறை. நாலு பேரும் ஏறி, வாசல் வழியாகப் போய், தெருவைச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சோப்புத்தூள் டப்பாவின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மாமா பேசிக்கொண்டிருந்தார்.

"டேய்" என்றார் அம்மா.

"ஒரு நிமிஷம் இருங்க, எங்க அக்கா வந்துட்டாங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். அதிகாரியைப் பார்த்தார். எழுந்து நின்று, தன் டப்பாவையே அவருக்கு நகர்த்திக் கொடுத்தார். "உக்காருங்க சார்."

பெட்டியைப் பறிமுதல் செய்தார்கள். கொடியும் சாட்சியம் என்றார் அதிகாரி. அதற்குள் அப்பா வந்துவிட்டார். "சட்டையை மட்டும் குடுத்துட்டுப் போங்க சார். அதுங்க எதுவும் பேசல."

மாமாவுக்கு அபராதம். அம்மா மேல் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மரக்கிடங்குல புதுசா ஒரு ஆள் பேசுனாலே கண்டுபிடிக்கிற காது உங்களுது. சொந்த வீட்ல ஆறு வாரமா ஒருத்தர் பேசியிருக்கார். எப்படிம்மா கேக்காமப் போச்சு?"

"வீட்ல நான் எங்க மேடம் கேக்குறேன்? பேசத்தான் செய்யிறேன்."

சாட்சிக்கு வந்திருந்த அப்பா "சத்தியமான வார்த்தை மேடம்" என்றார். விசாரணை அதிகாரி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார், புரையேறியது. தானே முன்வந்து சொன்னதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். அம்மாவின் நாற்காலி தப்பியது.

மாமாவின் விஷயம் அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. தீவிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தவர் அம்மா.

"உங்க தம்பி சொன்ன அழைப்புக்குறி உலகத்துலயே இல்லையாமே. உரிமம் வாங்கினதும் கூப்பிடச் சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு அந்தக் குரலைத் தெரியாது."

அம்மா போனை வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "பொண்ணு சரியாத்தான் இருக்காடா. நீதான் சரியில்ல."

மாமா உரிமத் தேர்வுக்குப் படித்தார். மோர்ஸ் தந்திக்குறியில் இரண்டு முறை தோற்றார். அம்மா சாப்பிடும்போது தட்டில் கரண்டியால் எழுத்துகளைத் தட்டுவார். மாமா சரியாகச் சொன்னால்தான் அடுத்த கரண்டி விழும். "இந்த வீட்ல சோத்துக்கும் உரிமம் வேணும் போல" என்றார் அப்பா. மூன்றாவது முறை மாமா தேறினார்.

உரிமம் கைக்கு வந்த அன்று மதியம், புதுச் செம்புக் கொடி, புது டிரான்ஸ்மிட்டர், ஒழுகாதது. மாமா கொட்டகைக் கதவை விரியத் திறந்துவைத்தார். துணி காய்ந்தவுடன் எடுத்துவிடச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சினார். முதல்முறையாகத் தன் சொந்த அழைப்புக்குறியைச் சொல்லித் தீவைக் கூப்பிட்டார். பதில் வந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்த அம்மாவையும் சேர்த்துக் கூவினார்.

"அக்கா! கேக்குதாக்கா? அக்கா!"

அம்மாவுக்கு ஹெட்ஃபோனிலும் கேட்டது, சன்னலிலும் கேட்டது. அங்கே பதில் பேச வழியில்லை. அத்தனை வருடமும் அவர் பதில் சொன்னதே இல்லை. தும்மலுக்கு ஒரு மருந்து சொல்லலாமா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறார், சொன்னதில்லை. அன்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பின்சன்னலுக்குப் போனார். கதவைத் தள்ளித் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"கேக்குதுடா! கத்தாதே!"

அது வேலியைத் தாண்டிக் கொட்டகைக்குள் வந்து, மாமாவின் மைக்கில் நுழைந்து, துணிக்கொடியில் ஏறித் தீவுக்குப் போனது.

"யாருங்க அது?" என்று கேட்டாள் தீவுப்பெண்.

நிலையத்துக்குள் பதிவுநாடா ஓடிக்கொண்டிருந்தது. சித்தி தன் ஹெட்ஃபோனில் கேட்டதை முறைப்படி பதிவு செய்தார். பெண்குரல். அடையாளம் தெரியவில்லை. உரிமம் இல்லை. செய்தி: கத்தாதே. மறுநாள் கரும்பலகையில் அதிகாரி ஒரு புதுக் கப்பலை வரைந்து, மேல்தளத்தில் அம்மாவை நிறுத்தினார். அம்மா ஓய்வு பெறும்வரை அதை யாரும் அழிக்கவில்லை.

தீவுப்பெண்தான் இப்போது என் அத்தை. மாமாவும் அவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இன்னும் அறைக்கு அறை கத்தித்தான் பேசுகிறார்கள்.

போன வாரம் சித்தி வந்தார். நிலையத்தில் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். அந்தத் துண்டை மட்டும் அவர் வெட்டி வைத்திருந்தாராம். விதிப்படி தப்பு என்று அவரே சொன்னார். என்னிடம் பழைய நாடா இயந்திரம் ஒன்று இருந்தது. பெல்ட் தொய்ந்துபோயிருந்ததை மாற்றினேன். அப்பா, மாமா, அத்தை, சித்தி எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா ஏதோ கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

இரைச்சல். இளவயது மாமாவின் கூவல். ஒரு சன்னல் திறக்கும் ஓசை.

"கேக்குதுடா! கத்தாதே!"

முதலில் சிரித்தவர் அப்பா. பிறகு எல்லாரும் சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மாமா மட்டும் இயந்திரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"சரிக்கா" என்றார். மெதுவாகத்தான்.