டீச்சரின் இடது கால்

எனக்குப் படிப்பித்தவரையே நான் ஏசியிருக்கிறேன். அதுவும் ஒருநாள் இரண்டு நாள் அல்ல, மூன்றரை வருடம், திங்களும் வியாழனும். கல்முனையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் அறை என் பொறுப்பில் இருந்தது. டீச்சர் வந்து வாங்கில் உட்கார்ந்து, இடது காலை ஸ்டூலில் தூக்கி வைப்பார். நான் கட்டைத் தொட்டுப் பார்ப்பேன். நனைந்திருக்கும். அவ்வளவுதான், என் வாய் திறந்துவிடும்.

இரண்டாம் வகுப்பில் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லித் தந்தவர் அவர். இப்போது நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். தண்ணி படக்கூடாது என்று எத்தனை தரம் சொல்வது என்று கேட்பேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு ஓம், ஓம் என்பார். காத்திருக்கும் ஆட்கள் வேடிக்கை பார்ப்பார்கள். டீச்சரை ஏசுகிற அளவுக்கு வந்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை இப்போது ஒளித்து என்ன பயன்.

அது சுனாமியன்று வந்த காயம். கடல் வருவதைக் கண்டு ஓடும்போது தகரத்தையோ கண்ணாடியையோ மிதித்திருக்கிறார். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் அதற்குப் பல வருடம் முன்பே வந்து, பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. பள்ளிவாசலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு யாரோ தரையில் இரத்தத்தைக் கண்டு சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு ரூபாய்க் குற்றி அளவு. முகாமில் சேற்றுக்குள் திரிந்ததில் அது ஆறாத புண்ணாகிவிட்டது.

ஆறாத புண்ணைப் பார்க்கிற வேலையில் வித்தை ஒன்றும் இல்லை, அலுப்புத்தான் அதிகம். ஓரத்தில் தடித்த தோலைச் சீவ வேண்டும், செத்த சதையை எடுக்க வேண்டும், உப்பு நீரால் கழுவி மருந்து வைக்க வேண்டும், மிதிக்கும்போது பாரம் அந்த இடத்தில் விழாதபடி தடித்த பஞ்சுப் பட்டையை வெட்டி ஒட்ட வேண்டும். அதன் பிறகு கட்டை நனையாமல் வைத்திருப்பது நோயாளியின் வேலை. டீச்சர் மாத்திரையை ஒருவேளையும் விட்டவரில்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்தார். கட்டு மட்டும் நனைந்துதான் வந்தது. மழை என்பார், குழாயடியில் சிந்திப்போச்சு என்பார். துளி மழை இல்லாத மாதத்திலும் நனைந்தால் நான் என்னதான் நினைப்பது? படித்த மனிசி, இவ்வளவு அலட்சியமா என்று உம்மாவிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை ஹர்த்தால். பஸ் இல்லை, கடையெல்லாம் பூட்டு. டீச்சரால் வர ஏலாது என்று தெரிந்து, சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு நானே நடந்து போனேன். வீட்டைக் கடல் கொண்டுபோனவர்களுக்காக வயல் பக்கம் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் அவர் மகளோடு இருந்தார். நான் போய்ச் சேரவும் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. மகள் என்னை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். நான் ஜன்னலால் பார்த்தேன்.

டீச்சர் குழாயடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, திங்கட்கிழமை நான் கட்டிய கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து மடியில் வைத்தார். புண்ணில் இருந்த துணியையும் பஞ்சையும் எடுத்து ஒரு கோப்பையில் வைத்தார். பிறகு தொழுகைக்காகக் கழுவி வுழுச் செய்தார். முகம், கை, தலை, கடைசியில் கால். புண்ணோடு சேர்த்து மூன்று தரம் கழுவினார். ஈரக் காலில் அதே துணியை வைத்து, அதே கட்டைத் திரும்பச் சுற்றினார். நேர்த்தியாகத்தான் சுற்றினார்.

ஒரு நாளைக்கு ஐந்து தரம். மூன்றரை வருடம். தொழுகை தெரியாத வேறு ஊர்க்காரி ஒருத்தி என்றால் தெரியாமல் போயிற்று என்று மன்னிக்கலாம். நானும் ஐந்து நேரம் கால் கழுவித் தொழுகிறவள். டிஸ்பென்சரியின் பின்பக்கக் குழாயில் வுழுச் செய்து, ளுஹர் தொழுதுவிட்டு வந்த கையோடு அவரை ஏசியிருக்கிறேன். கட்டோடு இருக்கும் காலை இவர் எப்படிக் கழுவுகிறார் என்று ஒருதரம்கூட நான் கேட்கவில்லை.

தொழுது முடித்து வந்தவரிடம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியும்தானே மகள். நீயும் தொழுற புள்ள. தெரிஞ்சுதான் ஏசுறாய் எண்டு நெனச்சன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தொழுகையாலதான் புண் மாறல்ல எண்டு அவ்வளவு ஆக்களுக்கு முன்னால சொல்ல எனக்கு மனமில்ல," என்றார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கட்டுப் போட்டிருந்தால் அதன் மேல் ஈரக்கையால் தடவலாம் என்பது சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் நானே படித்தது. டீச்சருக்கும் தெரியும். ஆனால் அது எலும்பு முறிந்து படுத்திருப்பவர்களுக்குத்தான், நடந்து திரிகிற தனக்கு இல்லை என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். மகளை மௌலவியிடம் அனுப்பிக் கேட்டோம். காலில் கட்டில்லாத இடத்தைக் கழுவி, கட்டின் மேல் தடவி, தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் தயம்மும் செய்தால் போதும், புண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை கட்டு காய்ந்திருந்தது. ஐந்து மாதத்தில் புண் மூடியது. யுத்தம் முடிந்த நாட்கள் அவை. வீதியில் வெடி கொளுத்தினார்கள், கொடி பிடித்தார்கள். எனக்கு அதைவிட டீச்சரின் உள்ளங்காலில் வந்திருந்த இளஞ்சிவப்புத் தோல்தான் பெரிய சந்தோசமாக இருந்தது. வட்டிலப்பம் அவித்துக்கொண்டு வந்திருந்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே மற்ற நோயாளிகளுக்குச் சொல்வதையெல்லாம் அவருக்கும் ஒப்புவித்தேன். மூடிய புண் திரும்பவும் திறக்கும், அந்த இடத்துத் தோல் மெல்லியது. தினமும் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். கழுவினால் விரலிடுக்கைத் துடையுங்கள். வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போடுங்கள். அவர் ஓம், ஓம் என்றார். அந்த ஓமை எத்தனை வருடம் கேட்டவள் நான். நம்பிவிட்டேன்.

அடுத்த வருடம், கச்சான் காற்று அடிக்கிற வெயில் காலத்தில், மகள் அவரை ஓட்டோவில் கொண்டுவந்தாள். அதே இடத்தில் பெரிய கொப்புளம் வெடித்து, அடியில் கறுத்திருந்தது. மத்தியானம் காய்ந்த உடுப்பு எடுக்கச் சீமெந்து முற்றத்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். சுட்டது தெரியவில்லை. நான் போடச் சொன்ன செருப்பை மகள் கையில் வைத்திருந்தாள். ஒரு வருடமாகியும் அடி அவ்வளவாகத் தேயவில்லை. நான் ஏசத் தொடங்கினேன்.

டீச்சர் இந்தமுறை தலையைக் குனியவில்லை. "தொழுற வீட்டுக்குள்ள, தெருவில மிதிச்ச செருப்போட எப்பிடித் திரியிற? வாசல்ல கழட்டுவன். பிறகு போட மறந்து போகும்," என்றார்.

உள்ளே போடுவதற்கென்று வேறு ஒரு சோடி வைத்திருக்கலாமே என்றேன்.

"அது எனக்கு யோசனை வரல்ல மகள். நீயும் சொல்லல்ல."

எனக்கும் வந்திருக்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவள்தானே நானும். அவர் சொன்ன பிறகுதான் வந்தது. குழாயடியைப் பார்த்தும் நான் படித்துக்கொள்ளவில்லை. இவர் வீட்டுக்குள் எப்படி நடக்கிறார் என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

சீழ் எலும்புக்குப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். அஸர் நேரம் நெருங்கியிருந்தது. மகள் பிளாஸ்டிக் பேசினையும் தண்ணீரையும் கொண்டுவந்து கதிரைக்கு முன்னால் வைத்தாள். டீச்சர் ஒவ்வொன்றாகக் கழுவி, வலது காலுக்கு வந்தார். மூன்று தரம் கழுவினார். கை பழக்கத்தில் இடது பக்கம் போய்த் திரும்பியது.

"இப்ப ஒரு கால்தான் கடமை, மகள்," என்றார். "மற்றதுக்குக் கேள்வி இல்ல."

நான் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அவர் என் தோளில் ஈரக்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு துவாயை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் துடைத்தேன், விரலிடுக்கு ஒவ்வொன்றாக. குதிகாலில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. வாய் வரைக்கும் வந்த ஏச்சை விழுங்கினேன்.

"டீச்சர், காலையில எழும்பினா படுக்கப் போற வரைக்கும் இந்தக் கால எங்கெங்க வெக்கிறீங்க? ஒண்ட விடாமச் சொல்லுங்க," என்றேன்.

அவர் கட்டிலடியிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கே ஒன்றும் கதைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.